மோட்டார் வண்டி கைமாறுங்கால்

எமது கல்லூரியின் விழா மலர்க்குக் கட்டுரையொன்று வரைந்தளிக்குமாறு பழைய மாணவர் சங்கத்தார் எம்மைக் கேட்டபோது, தமிழாசிரியராகிய யாம் சங்கத் தொகைகளையோ கம்பனையோ பற்றி எழுதுவோம் என்றே அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். யாமும் அவ்வாறே எண்ணிச் சில குறிப்புக்களைத் திரட்டி வைத்திருந்தோம். ஆயின் சென்ற விடுமுறையிலே எமது பிறந்த ஊராகிய திரியாய்க்குச் சென்றிருந்தகாலை நாம் கண்ட காட்சியொன்று அக்குறிப்புக்களை ஒருபுறம் வைக்கச் செய்துவிட்டது.

இக்கல்லூரியிலே எம்மிடம் கற்று, இப்போது வயல் செய்து வாழும் இளைஞர் ஒருவரின் வளவிலே, வேப்பமரத்தின் கீழ், முன்பக்கம் நெளிந்த வேன் ஒன்று நின்றது. ரயர்கள் காற்றிறங்கி மண்ணிற் புதைந்திருந்தன. கோழிகள் அதன் அடியிற் குடியிருந்தன. புல்மோட்டை வீதியிலே இரவிற் குறுக்கே வந்த மாட்டோடு மோதுண்ட வண்டி அது. காப்புறுதி உண்டு, வரியும் கட்டப்பட்டிருந்தது. ஆயினும் இழப்பீட்டு விண்ணப்பத்திலே பதிவுபெற்ற உரிமையாளரின் கையொப்பம் வேண்டும் என்று காப்புறுதிக் கொம்பனியார் கேட்டனர். அவ்வுரிமையாளரோ எமது மாணவர் அல்லர். அவர் முகங்கூடக் காணாத ஒருவர். தேடிப் பார்த்தபோது அவர் வெளிநாடு சென்று அங்கேயே காலமாகிவிட்டார் என்ற செய்திதான் கிடைத்தது. "சேர், காசு முழுக்கக் குடுத்துத்தானே வாங்கினனான். பின்னே இது ஆற்ர வாகனம்?" என்று அவர் எம்மைக் கேட்டார். அக்கேள்விக்கு விடையாகவே இக்கட்டுரை அமைகின்றது.

தமிழாசிரியர் என்ற முறையில் முதலில் இரு சொற்களைப் பிரித்து நோக்குவோம். உடைமை வேறு, உரிமை வேறு. ஒரு பொருள் ஒருவன் கையில் இருத்தல் உடைமை. அப்பொருளைத் தனது என்று பிறர் முன்னிலையிலே நாட்டுதற்கு அவனுக்குள்ள தகுதி உரிமை. கத்தரிக்காய் வாங்கினால் இவ்விரண்டும் ஒருங்கே நம் பைக்குள் வந்து விழுகின்றன. காணி வாங்கினால் வருவதில்லை; உறுதி எழுதிப் பதிவு செய்தாலன்றிக் காணி நமதாகாது என்பதை நம்மூர்க் கிழவிமாரும் அறிவர். மோட்டார் வண்டியோ இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. கத்தரிக்காய்போலச் சந்தையிற் கைமாறுகின்றது. காணிபோலப் பதிவேட்டிலே பெயர் கேட்கின்றது. கத்தரிக்காயைப்போல வாங்கிவிட்டுக் காணியைப்போல ஆள முயல்வதனாலேயே பெரும்பாலான இடர்கள் விளைகின்றன.

இலங்கையிலே 1938ஆம் ஆண்டின் மோட்டார்க் கார்க் கட்டளைச் சட்டத்தின் பின்வந்தது 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம். பன்முறை திருத்தப்பட்டபோதிலும் இன்றும் நம்மை ஆள்வது அதுவே. பதிவு செய்யாத வண்டியை எவரும் வைத்திருக்கவோ செலுத்தவோ ஆகாது என்பது அதன் அடிப்படை. வண்டி கைமாறும்போது செய்யவேண்டியவற்றை அதன் 12ஆம் பிரிவு கூறுகின்றது. அப்பிரிவு விற்பனை என்று தொடங்காமல் 'வசம் மாறுதல்' என்றே தொடங்குவதை நோக்குக. விலைக்கு விற்றாலும், மருமகனுக்குச் சீதனமாகக் கொடுத்தாலும், சும்மா கொடுத்தாலும் சட்டத்துக்கு ஒன்றே.

விற்பவர் தமது வண்டி இன்னார் வசமாயிற்று என்பதைப் பதினான்கு நாட்களுக்குள் மோட்டார் போக்குவரத்து ஆணையாளர் நாயகத்துக்கு அறிவித்தல் வேண்டும். இதற்குரியது எம்.ரி.ஏ. 6 என்னும் படிவம். வாங்குபவர் தம்மைப் புதிய உரிமையாளராகப் பதியுமாறு அதே பதினான்கு நாட்களுக்குள் விண்ணப்பித்தல் வேண்டும். அதற்குரியது எம்.ரி.ஏ. 8. புதியவரின் பெயர் பதியப்படாமல் அக்கெடுவுக்கு மேல் அவ்வண்டியைப் பாவித்தலும் ஆகாது. ஒருவர் செய்துவிட்டார் என்பதனால் மற்றவரின் கடமை தீர்ந்துவிடாது. விற்பவர் தம் படிவத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, அத்தபாற் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருத்தல் நன்று. அச்சிறு துண்டுக் கடுதாசியின் அருமை பின்னர் விளங்கும்.

இனி, சட்டம் கூறுவது இது. உலகம் செய்வது வேறு. நாட்டின் எப்பகுதியிலும் வழங்கும் 'ஓப்பின் பேப்பர்' என்னும் முறையை அறியாதார் இலர். விற்பவர் படிவங்களிலே கையொப்பமிட்டு, வாங்குபவரின் பெயரையும் திகதியையும் நிரப்பாது வெறுமையாக விட்டு, அடையாள அட்டைப் பிரதியோடு கையளித்து விடுகின்றார். வாங்கியவர் அவற்றை நிரப்பாமல் அலுமாரியில் வைத்துக்கொள்கின்றார். பின்னர் விற்கும்போது அதே வெற்றுப் படிவங்களை அடுத்தவருக்குக் கொடுக்கின்றார். வண்டி நான்கு கை மாறியிருக்கும். பதிவேட்டிலோ முதலாமவர் பெயரே நிலைத்திருக்கும்.

மக்கள் ஏன் இதனை விரும்புகின்றனர் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடல் வேண்டும். பதிவுக் கட்டணம் மிச்சமாகின்றது. திரியாய் போன்ற ஊரிலிருந்து திருகோணமலைக்கே ஏறத்தாழ 45 கிலோமீற்றர். அங்கிருந்து கொழும்பு நாரஹேன்பிட்டியிலுள்ள தலைமையகத்துக்கு ஒரு முழு இரவுப் பயணம். ஒரு நாட்கூலியை இழந்து இன்னொரு நாட்கூலியைச் செலவழிக்க ஏழை உழவன் தயங்குவதிலே வியப்பில்லை. தரகரோ, "இப்ப மாத்த வேணாம் மாஸ்டர், கடுதாசி ஓப்பினாக் கிடந்தால்தான் நாளைக்கு விக்க லேசு" என்று உபதேசம் செய்கின்றார். இஃது எமக்கே நிகழ்ந்தது.

2016ஆம் ஆண்டிலே யாம் பழைய நிசான் சனி ஒன்றை விலை பேசினோம். (சனி வீட்டுக்கு வருகின்றதா என்று ஊரார் செய்த பரிகாசத்தை ஈண்டு விரிக்கோம்.) தரகர் காட்டிய படிவங்களிற் கையொப்பமிட்டிருந்தவர் குருநாகலையைச் சேர்ந்த ஒருவர், ஒப்பமிட்டு நான்காண்டுகள் கழிந்திருந்தன. பதிவுச் சான்றிதழிலுள்ள சேசிஸ் இலக்கத்தையும் வண்டியிற் பொறித்துள்ள இலக்கத்தையும் டோர்ச் வெளிச்சத்திலே ஒவ்வோர் எண்ணாக ஒப்பிட்டோம், இரண்டும் ஒத்திருந்தன. ஆயின் படிவத்திலே ஓர் எண் பிழையாக எழுதப்பட்டிருந்தது. அப்பிழைமட்டும் இல்லாதிருப்பின் யாமும் அப்படிவங்களை அலுமாரியிலேயே வைத்திருப்போம் என்பதை மறைத்துப் பயனில்லை. பிழை கண்டபின் மனம் ஒப்பவில்லை. தரகர் முகஞ்சுளிக்க, பஸ்ஸேறிக் குருநாகலை சென்று அப்பெரியவரின் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தோம்.

அவர் எம்மைக் கண்டதும் முதலில் அஞ்சினார். பின்னர், யாம் வந்த காரியத்தை அறிந்ததும் மகிழ்ச்சி மிகுந்து தேநீரும் வாழைப்பழமும் தந்து உபசரித்தார். தாம் விற்றுவிட்ட அவ்வண்டி எங்கோ ஓர் ஊரிலே செய்த குற்றத்துக்காகப் பொலிசார் அவரை இருமுறை விசாரித்திருந்தனர். "ஒப்பம் வைத்ததோடு என் தொடர்பு அறுந்தது என்றே நினைத்தேன்" என்பது அவர் சிங்களத்திலே கூறியதன் பொருள். அன்றே புதிய படிவங்களிற் கையொப்பமிட்டுத் தந்தார். யாமும் கெடுவுக்குள் விண்ணப்பித்துப் பெயர் மாற்றிக்கொண்டோம். இடையில் வண்டியை வைத்திருந்த இருவரும் பதிவேட்டிலே தோன்றாமலே மறைந்தனர். அது முறையன்று என்பதை ஒப்புக்கொள்கின்றோம்.

இவ்விடரிலே வாங்குபவரிலும் விற்பவரே அதிகம் சிக்குகின்றார் என்பதைப் பலர் உணர்வதில்லை. வண்டி ஒருவரை மோதிவிட்டு ஓடிவிட்டால், கள்ளச்சாராயம் ஏற்றிப் பிடிபட்டால், பொலிசார் முதலிலே காண்பது வண்டியின் இலக்கத்தை. அவ்விலக்கம் அவர்களை அழைத்துச் செல்வது பதிவேட்டிலுள்ள பெயருக்குரியவரின் வாயிலுக்கு. இந்தியாவிலே 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்திலும் ஏறத்தாழ இதேபோன்ற விதி உண்டு. ஒரே மாநிலத்துக்குள் விற்பவர் பதினான்கு நாட்களுக்குள்ளும் வாங்குபவர் முப்பது நாட்களுக்குள்ளும் அறிவித்தல் வேண்டும். அங்கே 2007இல் விற்கப்பட்ட மாருதி 800 கார் ஒன்று மேலும் சில கைகள் மாறி, 2009இல் விபத்தொன்றுக்குக் காரணமாயிற்று; ஒருவர் உயிரிழந்தார். பதிவேட்டிலோ முதல் விற்றவரின் பெயரே இருந்தது. 2018 பெப்புருவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு யாது? பதிவேட்டிலே எவர் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர். இழப்பீடு கொடுக்கவேண்டியவரும் அவரே என்பது. விபத்தில் உறவினரை இழந்தவர், வண்டி யார்யார் கைக்கு மாறிற்று என்று தேடித் திரியும் நிலைக்கு ஆளாகக் கூடாது என்பதே நீதிபதிகளின் கருத்து. இந்தியத் தீர்ப்பு இலங்கையைக் கட்டுப்படுத்தாது. எனினும் அதன் நியாயம் எவ்வூர்க்கும் பொருந்தும்.

எம் தந்தையார் இதனை நீதிமன்றத் தீர்ப்பின்றியே அறிந்திருந்தார். 1985ஆம் ஆண்டிலே திரியாய் மக்கள் ஊரைவிட்டு ஓடியபோது யாம் சிறுபிள்ளை. வயலிலே நின்ற உழவு இயந்திரத்தை விட்டுவிட்டே வந்தோம். அம்மாவின் சீலைப் பைக்குள் பிறப்புச் சான்றிதழ்களோடு அவ்வியந்திரத்தின் பதிவுப் புத்தகமும் வந்து சேர்ந்தது. இயந்திரம் பின்னர் எவர் கையிலும் காணப்படவில்லை. ஆயினும் தந்தையார் பல்லாண்டுகள் அப்புத்தகத்தை எடுத்து நோக்குவதும், "ஆரும் அதக் கொண்டு என்னத்தையும் செய்தால் என்ர பேர்தானே வரும்" என்று முணுமுணுப்பதும் எமக்கு நினைவிருக்கின்றது. அன்று எமக்கு அஃது ஒரு கிழவரின் வீண் கவலையாகவே தோன்றியது. பதிவுபெற்ற வண்டி களவுபோனாலோ அழிந்தாலோ அதனையும் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவை நீக்குவித்தல் வேண்டும் என்பதை அவரும் அறியார், யாமும் அறியேம். இடப்பெயர்விலே புத்தகத்தை இழந்து வண்டியைக் காத்துக்கொண்டவர்களும் எம்மூரில் உளர். அவர்கள் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியோடும் சத்தியக் கடதாசியோடும் விண்ணப்பித்து இரண்டாம் பிரதி பெறுதல் இயலும்.

அடுத்து, காப்புறுதி. வண்டி வாங்குவோர் செய்யும் தவறுகளுள் இதனை யாம் மிகப் பெரியதாகக் கருதுகின்றோம். காப்புறுதிப் பத்திரம் வண்டியோடு வருகின்ற உபரிச் சில்லு அன்று. அது கொம்பனிக்கும் பெயர் குறிக்கப்பட்ட ஆளுக்கும் இடையேயுள்ள உடன்படிக்கை. வண்டியை விற்றவருக்கு அவ்வண்டியிலே இழப்பதற்கு ஒன்றுமில்லை; இழப்பதற்கு ஒன்றுமில்லாதவரை எதற்காகக் காப்புறுதி காத்தல் வேண்டும்? ஆதலின் கைமாறிய பின் பழைய பத்திரத்தை நம்பி ஓடுவது ஓட்டைத் தோணியில் ஆறு கடப்பதாகும். மூன்றாந் தரப்பினர்க்கு நேரும் தீங்குக்கேனும் காப்புறுதி இருத்தல் வேண்டும் என்பது அதே 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் கட்டாயம். பதினான்கு நாட் சலுகை பெயர்ப் பதிவுக்கே உரியது. காப்புறுதிக்கு ஒரு நாட் சலுகையும் இல்லை. பணத்தைக் கையளிக்குமுன்பே, தம் பெயரிலே தற்காலிகப் பத்திரமேனும் எடுத்துக்கொண்டு, அதன்பின்னரே சாவியைத் திருகுதல் தகும்.

வரி பற்றிய செய்தி இதனின்றும் வேறுபட்டது. முன்கண்ணாடியின் இடப்புறத்தே ஒட்டப்படும் வருமான அனுமதிப்பத்திரத்தைப் பொதுமக்கள் 'லைசென்ஸ்' என்றே வழங்குவர். சாரதியின் அனுமதிப்பத்திரத்தோடு இதனை மயங்கற்க. இது பன்னிரண்டு மாதத்துக்கு உரியது. இதனைப் புதுப்பிப்பதற்குச் செல்லுபடியாகும் காப்புறுதிச் சான்றிதழும், புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும். புகைப் பரிசோதனை 2008ஆம் ஆண்டின் இறுதியில் மேல் மாகாணத்திலே தொடங்கிப் பின்னர் ஏனைய மாகாணங்களுக்கும் பரவியது. லொறி, பஸ் போன்றவற்றுக்குத் தகுதிச் சான்றிதழும் வேண்டும். எம்மூரார் இதற்காகக் குச்சவெளிப் பிரதேச செயலகத்தை நாடுவர். இப்போது இணையவழியாகவும் பெறலாம்.

இப்பட்டியலிலே ஒன்று குறைவதை நுண்ணிதின் நோக்குவார் காண்பர். ஆண்டுதோறும் வரி கட்டும்போது, 'பதிவேட்டிலுள்ள உரிமையாளர் நீர்தாமோ?' என்று நடைமுறையிலே எவரும் இறுக்கிக் கேட்பதில்லை. பழைய அனுமதிப்பத்திரத்தையும் ஏனைய சான்றிதழ்களையும் நீட்டியவர் கையிலே புதியது கிடைத்துவிடுகின்றது. வெற்றுப் படிவ முறை பல்லாண்டு தழைத்தற்கு இதுவே உரம். வரிப்பத்திரம் ஒட்டியிருக்கின்றது, ஆகவே வண்டி நமது என்ற மயக்கம் எளிதில் உண்டாகின்றது. எமது மாணவரும் ஏழாண்டுகள் ஒழுங்காக வரி கட்டியவரே. வரிப்பத்திரம் வீதியிலே செல்வதற்கு விலை கொடுத்தாயிற்று என்பதைக் காட்டுமேயன்றி, வண்டி யாருடையது என்பதைக் காட்டாது.

இலண்டனிலே வாழும் எமது பழைய மாணவர் இதனைப் படித்து நகைத்தல் கூடும். அங்கே 1921 முதல் வழங்கிவந்த கண்ணாடி வட்டப் பத்திரம் 2014 ஒக்டோபர் 1ஆந் திகதியோடு ஒழிக்கப்பட்டது. அன்று முதல், கார் விற்கப்பட்டவுடனே அதன் வரி அற்றுப்போகின்றது. எஞ்சிய முழு மாதங்களுக்குரிய பணம் விற்றவருக்குத் திரும்பச் செல்லும். வாங்கியவர் தாமே புதிதாக வரி கட்டியபின்னரே தெருவில் இறக்கலாம். விற்றவர் அறிவித்தாலன்றிப் பணம் திரும்பாது; ஆகவே எவரும் அறிவிக்க மறப்பதில்லை! எம் நாட்டிலும் விற்பவருக்கு இத்தகைய ஓர் ஊதியம் வைக்கப்பட்டால் வெற்றுப் படிவங்கள் தாமே மறையும் என்பது எமது எண்ணம்.

மற்றொன்று. 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் பின்னர் வாகன அனுமதிக் கட்டணம் மாகாண சபைகளின் வருமானமாயிற்று. கொழும்பு முகவரியிலே பதியப்பட்டு, பெயர் மாற்றப்படாமல் எம்மூரில் ஓடும் வண்டி, எம்மூர் வீதியைத் தேய்த்துவிட்டு மேல் மாகாணத்துக்கு வரி கட்டுகின்றது. வீதி திருத்தப்படவில்லை என்று குறைகூறும் நாம் இதனையும் எண்ணிப் பார்க்கலாம். வண்டியைச் சில காலம் ஓட்டாது நிறுத்தி வைப்பவர், அனுமதிப்பத்திரம் காலாவதியாகுமுன்பே பாவனையின்மையை அறிவித்துவிடல் வேண்டும். அறிவியாது விட்டால் நின்ற காலத்துக்கும் வரி நிலுவையாக ஏறும். வேப்பமரத்தடி வேனுக்கு நேர்ந்ததும் இதுவே.

சாரதி அனுமதிப்பத்திரம் பற்றி நீட்டி உரைக்க வேண்டியதில்லை. முச்சக்கர வண்டிக்கும், காருக்கும், இருசில்லு உழவு இயந்திரத்துக்கும் வெவ்வேறு வகுப்புக்கள் உண்டு என்பதை மட்டும் நினைவூட்டுவோம். காருக்கு அனுமதி உண்டு என்பதனால் 'லான்ட்மாஸ்ர'ரை வீதியில் ஏற்றிவிடலாகாது.

லீசிங்கிலே எடுத்த வண்டியாயின் வேறு ஒரு முடிச்சு உண்டு. அங்கே பதிவுச் சான்றிதழிலே இரு பெயர்கள் காணப்படும்: ஒன்று வண்டியை வைத்திருப்பவர் பெயர், மற்றொன்று முற்றுரிமையாளராகிய லீசிங் கொம்பனியின் பெயர். தவணைப் பணம் முடியுமுன் அவ்வண்டியை விற்பதற்குக் கொம்பனியின் சம்மதம் வேண்டும். மிச்சத் தவணையை நீர் கட்டும், வண்டியை எடும் என்று வாய்ச்சொல்லிலே நடக்கும் பேரங்களில், வாங்கியவர் இறுதித் தவணை வரை கட்டியபின்னும் வெறுங்கையராய் நிற்கக் கண்டிருக்கின்றோம். பதிவுச் சான்றிதழை வாங்கி அந்த இடத்தை முதலிற் பார்த்தல் வேண்டும். ரயரைப் பின்னர் உதைத்துப் பார்க்கலாம்.

இலக்கத் தகட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிலோன் என்னும் ஆங்கிலப் பெயரின் எழுத்துக்களை இணைத்த பழைய இலக்கங்களும், 1957இல் வந்த சிங்கள ஸ்ரீ எழுத்தும், அதனையொட்டி 1958 வரை வடக்குக் கிழக்கிலே எழுந்த கிளர்ச்சியும் மூத்த பழைய மாணவர்க்கு நன்கு நினைவிருக்கும். அத்தகைய பழைய இலக்கமுள்ள மொறிஸ் மைனரையும் ஒஸ்டினையும் அருமை கருதி இன்று தேடி வாங்குவோர் பலர். 2020 மார்ச்சு முதல் 2025 தொடக்கம் வரை வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்தமையாற் பழைய வண்டிகளுக்கு விலை ஏறியும் இருந்தது. பழைமை மிகுந்தாற் கைகளும் மிகுந்திருக்கும். பதிவேட்டிலுள்ளவர் உயிரோடிருக்கின்றாரா என்பதை முதலில் விசாரித்தல் நன்று.

இனி எமது மாணவரின் கேள்விக்கு வருவோம். உரிமையாளர் இறந்தபின், அவர் உயிரோடிருந்தபோது இட்ட வெற்றுக் கையொப்பத்திலே இன்றைய திகதியை எழுதி அனுப்புதல் மோசடியாகும். அதனைச் செய்யலாகாது என்று அவரிடம் தெளிவாகக் கூறினோம். தரகர் ஒருவர் அவ்வழியையே காட்டியிருந்தார். இறந்தவரின் மரணச் சான்றிதழ் வேண்டும்; அவருடைய சட்டபூர்வமான வாரிசுகள் தம் உரிமையை நிலைநாட்டி, அவர்கள் வாயிலாகவே வண்டி இவருக்கு மாறுதல் வேண்டும்; தேவையாயின் மாவட்ட நீதிமன்றத்தை நாட நேரும். சட்டத்தரணியின் கட்டணத்தையும் வரி நிலுவையையும் திருத்தச் செலவையும் கூட்டிப் பார்த்தபோது, அன்று பெயர் மாற்றியிருப்பின் ஆகியிருக்கக்கூடிய செலவைப் போலப் பன்மடங்கு வந்தது. அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர் உள்ளே சென்று பிளாஸ்ரிக் உறையொன்றைக் கொண்டுவந்து, அதனுள்ளிருந்த படிவங்களை எம்மிடம் தந்தார். மடிப்பு விழாமல், பெயருக்குரிய இடம் வெறுமையாக, ஏழாண்டுகளாக அவர் காத்து வைத்திருந்தவை அவை.

இறந்தவரின் மனைவியார் கனடாவிலே ஸ்காபரோ என்னும் நகர்ப்புறத்தில் வாழ்வதாக அண்மையிலே அறிந்தோம். அங்குள்ள எமது பழைய மாணவர் ஒருவர் அவரைச் சந்தித்துப் பேசுவதாக எழுதியிருக்கின்றார். அவருடைய மறுமொழியை எதிர்பார்த்திருக்கின்றோம்.